பிரெஞ்சு பேசப் பழகுவோர்க்குக் கடைத்தெருவே பள்ளிக்கூடம்

நம் வணிகர் குடும்பங்களில் பிரெஞ்சு மொழி இன்று புதிய விருந்தாளி அல்ல. மேல்நிலை வகுப்பில் மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும் என்று பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்த பிள்ளைகள் நம் கடைவீதியிலேயே பலர் உண்டு. மேற்படிப்புக்காகப் பாரிசுக்கும் லியோனுக்கும் செல்வோரும் உண்டு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, 1962-இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த புதுச்சேரியில் உள்ள நம் வணிக நண்பர்களுக்கோ, அது பாட்டன் காலத்திலிருந்தே பழகிய மொழி.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. தேர்வில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை, அங்கே போய் ஒரு ரொட்டி வாங்கத் தடுமாறுகிறான். இலக்கணம் தெரிகிறது, பழக்கம் தெரியவில்லை. மளிகை மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஓர் ஊர் மக்களின் நடைமுறையை அறிய வேண்டுமானால் அவ்வூர்க் கடையில் அரைமணி நேரம் நின்றால் போதும். ஆகவே பிரெஞ்சுக்காரரின் அன்றாட வாழ்க்கையையும், அதற்கு வேண்டிய அடிப்படைச் சொற்களையும் கடை வழியாகவே இங்கே விளக்குகிறேன்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் முழுமையாகக் காட்ட முடியாது. ஓரளவுக்கே தருகிறேன். எழுதியிருக்கும் கடைசி மெய்யெழுத்தைப் பல சொற்களில் அவர்கள் ஒலிப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். நாம் பாரிஸ் என்பதை அவர்கள் ‘பரீ’ என்றே சொல்கிறார்கள்.

1. முதல் சொல் வணக்கம்

நம் ஊரில் வாடிக்கையாளர் கடைக்கு வந்ததும் "அண்ணாச்சி, துவரம்பருப்பு என்ன விலை?" என்று கேட்பது குற்றமல்ல. பிரான்சில் அப்படிக் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். உள்ளே கால் வைத்தவுடன் "போன்ஜூர் மதாம்" அல்லது "போன்ஜூர் மெசியே" என்று சொல்ல வேண்டும். ‘போன்ஜூர்’ என்றால் நல்ல நாள் என்பது பொருள். நம் வணக்கத்துக்குச் சமம். மாலையானால் ‘போன்சுவார்’.

வாங்குபவர்தான் பெரியவர், விற்பவர் காத்து நிற்க வேண்டியவர் என்ற எண்ணம் அங்கே இல்லை. கடை என்பது கடைக்காரரின் இடம். அடுத்தவர் இடத்துக்குள் நுழையும்போது வணக்கம் சொல்லித்தானே நுழைய வேண்டும்? வெளியே வரும்போதும் "மெர்சி, ஒ ருவுவார்" (நன்றி, போய் வருகிறேன்) என்று சொல்லிவிட்டே வர வேண்டும். ஒன்றும் வாங்காமல் வந்தாலும் இதுவே முறை. கடைக்காரர் பதிலுக்கு "பொன் ஜூர்னே" என்பார். நாள் நல்லபடி போகட்டும் என்ற வாழ்த்து அது.

பிரெஞ்சுக்காரர் கர்வம் பிடித்தவர் என்று திரும்பி வந்தவர்கள் சிலர் குறை சொல்வதுண்டு. அவர்களில் பலர் இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கியவர்களாக இருப்பார்கள்.

2. நீயும் நீங்களும்

ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்குக் கடினமாகவும் தமிழருக்கு எளிதாகவும் இருக்கும் பாடம் இது. நம்மைப் போலவே அவர்களுக்கும் நீ, நீங்கள் என்ற இரண்டும் உண்டு. ‘த்யூ’ என்றால் நீ. ‘வூ’ என்றால் நீங்கள். வீட்டார், நண்பர், குழந்தை ஆகியோரிடம் ‘த்யூ’. கடைக்காரர், அதிகாரி, முன்பின் அறியாதவர் ஆகியோரிடம் ‘வூ’. கடையில் வேலை செய்யும் பையனிடமும் ‘வூ’ என்றே பேச வேண்டும். கூலிக்கு நிற்பவர்தானே என்று ‘த்யூ’ போட்டால் அது அவமதிப்பு.

3. கடைக்குக் கடை பெயர்

மளிகைக் கடைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘எப்பிஸ்ரி’. ‘எப்பிஸ்’ என்றால் மிளகு, ஏலம், கிராம்பு போன்ற நறுமணச் சரக்கு. மளிகைக்காரருக்கு ‘எப்பிசியே’ என்று பெயர். அதாவது ஆதியில் அவர் நறுமணச் சரக்கு விற்றவர். நம் மேற்குக் கரை மிளகு கப்பலேறிப் போனதால் பிறந்த தொழிற்பெயர் என்றே கொள்ளலாம். ரொக்கத்துக்கு அவர்கள் சொல்லும் ‘எஸ்பெஸ்’ என்ற சொல்லும், இந்த ‘எப்பிஸ்’ என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. மளிகைச் சரக்கும் கல்லாப்பெட்டிப் பணமும் சொல்லளவிலேயே உறவினர் என்பது நமக்குப் பெருமைதான்.

ரொட்டிக் கடை ‘பூலான்ஜ்ரி’. இறைச்சிக் கடை ‘பூஷ்ரி’. மீன் கடை ‘புவாசொன்ரி’. பாலாடைக்கட்டிக் கடை ‘ஃப்ரொமாஜ்ரி’. இரும்புச் சாமான் கடை ‘கேன்காய்ரி’. ‘தபா’ என்பது புகையிலைக் கடை. வாசலில் சிவப்பு நிறத்தில் சாய்சதுரப் பலகை தொங்கும். அஞ்சல் தலையும் அங்கே கிடைக்கும்.

இவற்றில் ரொட்டிக் கடைக்குத் தனி மதிப்பு உண்டு. ‘பகெத்’ எனப்படும் நீள ரொட்டி ஏறக்குறைய 250 கிராம் எடை இருக்கும். பாரம்பரிய ரொட்டி என்ற பெயரில் விற்க வேண்டுமானால் மாவு, நீர், உப்பு, நொதி ஆகியவற்றாலேயே செய்ய வேண்டும் என்றும், பிசைந்த மாவை உறைய வைக்கக் கூடாது என்றும் 1993-இல் அரசாணை வந்தது. வேறு சில மாவு வகைகளை மட்டும் மிகச் சிறிதளவு சேர்க்கலாம். 1998-இல் வந்த சட்டப்படி, அதே இடத்தில் மாவு பிசைந்து சுட்டு விற்பவர் மட்டுமே ‘பூலான்ஜ்ரி’ என்று பெயர்ப் பலகை வைக்கலாம். எங்கோ தயாரித்ததை வாங்கி விற்பவர் அப்படி எழுத முடியாது. சிறு தொழிலாளியின் பெயரையே சட்டம் காத்து நிற்கிறது. பகெத் செய்யும் கைத்திறனை 2022-இல் யுனெஸ்கோவும் தன் பட்டியலில் சேர்த்தது.

சிறிய ஊர்களில் பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை பல கடைகள் சாப்பாட்டுக்காக அடைத்திருக்கும். ஞாயிறு ஓய்வு 1906-ஆம் ஆண்டிலேயே சட்டமானது. உணவுப் பொருள் கடைகள் ஞாயிறன்று பகல் ஒரு மணி வரை திறக்கலாம்.

4. வாங்கும்போது பேசும் பேச்சு

வணக்கம் சொன்னபின் "ஜெ வூத்ரே" என்று தொடங்க வேண்டும். எனக்கு இது வேண்டியிருந்தது என்று பணிவாகக் கேட்பது போன்றது. முடிவில் "சில் வூ ப்ளே" (தயவுசெய்து) சேர்க்க வேண்டும். விலை கேட்க "சே கோம்பியேன்?" சரக்கைக் கொடுத்தபின் கடைக்காரர் "எ அவெக் ஸெஸி?" என்பார். இதனோடு வேறு என்ன என்று பொருள். நாமெல்லாம் நாள் முழுவதும் கேட்கும் "வேறென்ன வேணும்?" என்பதேதான். இல்லையென்றால் "சே தூ" (அவ்வளவுதான்) என்றால் போதும். பிறகு "சா ஃபே..." என்று தொடங்கி மொத்தத் தொகையைச் சொல்வார்.

சந்தையில் காய்கனியை நாமே அழுத்திப் பார்த்துப் பொறுக்குவது பல இடங்களில் மரியாதைக் குறைவு. இன்றைக்கா நாளைக்கா எப்போது சாப்பிட வேண்டும் என்று சொன்னால் அதற்கேற்ற பழத்தைக் கடைக்காரரே எடுத்துத் தருவார். பை கையோடு கொண்டு போக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கல்லாவில் கொடுப்பது அங்கே 2016-இல் தடை செய்யப்பட்டது. நம் மாநிலத்தில் 2019-இல் தடை வந்து மஞ்சப்பை திரும்பியதை நாம் அறிவோம்.

சரக்குப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. உயிரில்லாப் பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ஆண்பாலுக்கு ‘லெ’, பெண்பாலுக்கு ‘லா’ முன்னால் வரும். அரிசி ‘லெ ரீ’, உப்பு ‘லெ செல்’, சர்க்கரை ‘லெ சூக்ர்’, மிளகு ‘லெ புவாவ்ர்’. மாவு ‘லா ஃபாரின்’, பட்டை ‘லா கனெல்’, ஏலம் ‘லா கார்தமோம்’. ஏன் என்று கேட்டுப் பயனில்லை. சரக்கைச் சாக்கோடு சேர்த்து எடுப்பது போல, சொல்லை அதன் முன்னொட்டோடு சேர்த்தே மனத்தில் ஏற்ற வேண்டும்.

5. எண்ணும் எடையும்

பணம் கைமாறும் இடம் என்பதால் இதை ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

அறுபது வரை எண்கள் ஒழுங்காகப் போகும். எழுபதுக்குத் தனிச் சொல் இல்லை. ‘சுவாசாந்த்-தீஸ்’, அதாவது அறுபதும் பத்தும். எண்பது ‘கத்ர்-வேன்’, நான்கு இருபது. தொண்ணூறு ‘கத்ர்-வேன்-தீஸ்’, நான்கு இருபதும் பத்தும். ஆக 97 என்பதை "நான்கு இருபது பதினேழு" என்று சொல்கிறார்கள். காது பழகாதவர் நான்கு, இருபது, பதினேழு என்று தனித்தனியே எழுதிவிடுவார். நம் தொண்ணூறுக்குள்ளும் நூறு ஒளிந்திருக்கிறது. பழகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை.

எழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைக்கிறார்கள். ஆயிரத்துக்கு இடைவெளி மட்டும் விடுகிறார்கள். விலைப்பட்டியலில் ‘12,500 கிலோ’ என்று இருந்தால் அது பன்னிரண்டரை கிலோ. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ அல்ல. ஏற்றுமதி செய்யும் நண்பர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். கையெழுத்தில் அவர்களுடைய 1 நம் 7 போல இருக்கும். அவர்களுடைய 7-க்கு நடுவில் ஒரு கோடு உண்டு.

சந்தையில் ‘லீவ்ர்’ என்றால் அரை கிலோ. ‘எட்டு நாள்’ என்று அவர்கள் தவணை சொன்னால் ஒரு வாரம். ‘பதினைந்து நாள்’ என்றால் இரண்டு வாரம்.

6. ஏமாற்றும் சொற்கள்

ஆங்கிலம் அறிந்தவர் எளிதில் வழுக்கி விழும் இடங்கள் சில. ‘ரெசேன்’ என்று எழுதியிருந்தால் அது உலர்திராட்சை அல்ல, பச்சைத் திராட்சைப் பழம். உலர்ந்தது வேண்டுமானால் ‘ரெசேன் செக்’ என்று கேட்க வேண்டும். ‘மொனே’ என்பது சில்லறை. பணத்துக்கு ‘அர்ஜான்’ என்பர். வெள்ளிக்கும் அதே சொல்தான். ‘மகசேன்’ என்பது பத்திரிகை அல்ல, கடை. ‘லிப்ரேரி’ என்பது நூலகம் அல்ல, புத்தகக் கடை. ‘த்ரோக்ரி’ என்பது மருந்துக் கடை அல்ல, சோப்பு, பெயின்ட், துப்புரவுச் சாமான் விற்கும் கடை. மருந்துக்குப் பச்சைச் சிலுவை போட்ட ‘ஃபார்மசி’க்குப் போக வேண்டும்.

7. விலை சம்பந்தமான சொற்கள்

மொத்த வியாபாரம் ‘க்ரோ’. சில்லறை ‘தெத்தாய்’. பட்டியல் ‘ஃபாக்த்யூர்’. பாரிஸ் நகர மத்தியில் இருந்த மொத்தச் சந்தை நெரிசல் தாங்காமல் 1969-இல் புறநகரான ருன்ஜிஸுக்கு மாற்றப்பட்டது. நம் கொத்தவால் சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனதை நினைத்தால் அந்த வியாபாரிகளின் பாடு நமக்குப் புரியும்.

‘தே-வே-ஆ’ என்பது மதிப்புக் கூட்டு வரி. இது பிரான்சில்தான் 1954-இல் மொரீஸ் லோரே என்ற வரித்துறை அதிகாரியின் யோசனைப்படி நடைமுறைக்கு வந்தது. 2017 முதல் நாம் கட்டும் ஜி.எஸ்.டி.க்கு மூதாதை இதுவே. பட்டியலில் ‘ஆஷ்-தே’ என்றால் வரி நீங்கலாக, ‘தே-தே-சே’ என்றால் வரி உட்பட.

‘சோல்த்’ என்பது தள்ளுபடி விற்பனை. நம் ஆடித் தள்ளுபடி போல நினைத்தபோது போட முடியாது. ஆண்டுக்கு இருமுறை, குளிர்காலத்திலும் கோடையிலும், அரசு குறித்த நான்கு வாரங்களில் மட்டுமே அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம். வாங்கிய விலைக்குக் கீழே விற்பதை 1963-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. இந்தத் தள்ளுபடிக் காலம் அதற்கு ஒரு விலக்கு. பெருங்கடைகள் நட்டத்துக்கு விற்றுச் சிறுகடையை விழுங்குவது பற்றி நாம் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டப் புத்தகத்தில் எழுதினார்கள்.

8. அங்கே வாழும் தமிழ்ச் சொற்கள்

நாமும் அவர்களுக்குச் சொற்கள் கொடுத்திருக்கிறோம். வாசனைத் திரவியத் தொழிலில் அவர்கள் போற்றும் ‘வெத்திவேர்’ நம் நாட்டு மருந்துக் கடை வெட்டிவேரே. ‘வதூவான்’ என்று அங்கே விற்கும் மசாலா, புதுச்சேரி வழியாகப் போன நம் வடகம். பாரிசில் வடக்கு ரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேல் பகுதியில் இலங்கைத் தமிழர்களின் மளிகைக் கடைகள் வரிசையாக உள்ளன. 1983-க்குப் பின் உயிர் பிழைக்கப் போனவர்கள், மொழி தெரியாத ஊரில் எண்ணையும் எடையையும் வணக்கத்தையும் கற்றுக் கடை வைத்தார்கள். அங்கே கறிவேப்பிலையும் கிடைக்கும், பிரெஞ்சும் காதில் விழும்.

பிள்ளைகளைப் பிரெஞ்சு படிக்க வைக்கும் பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இதுதான். மதிப்பெண் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒருநாள் பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்து, வருகிற சரக்கின் பெயரையும் விலையையும் பிரெஞ்சில் சொல்லச் சொல்லுங்கள். முப்பது சரக்குப் பெயர், நூறு வரை எண், ஒரு வணக்கம், ஒரு நன்றி. இந்த முதல் போட்டால் மொழி நிலைக்கும். போகிற இடத்தில் பிள்ளைக்கு மரியாதையும் கிடைக்கும்.