நோய்க்கு முன் இருந்த அறிவை அளப்பது எப்படி?

தலையில் அடிபட்டவருக்கோ மறதி நோய் வந்தவருக்கோ நுண்ணறிவுச் சோதனை வைத்தால் இன்றைய நிலை தெரியும். எவ்வளவு இழந்தார் என்பது தெரியாது. அதற்கு நேற்றைய அளவு வேண்டுமே! உடம்பு இளைத்தால் பழைய சட்டையைப் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம். மூளைக்கு அந்த வசதி இல்லை. சராசரி 100 என்று வைத்த அளவுகோலில் ஒருவர் 100 எடுத்தால் குறையில்லை என்று தோன்றும். முன்பு 130 எடுக்கக் கூடியவர் என்றால் அது பெரிய சரிவு. 85 எடுத்த இன்னொருவர் எதையுமே இழக்காதவராக இருக்கலாம்.

இதற்கு ஒரு கெட்டிக்கார வழியைக் கண்டவர்கள் லண்டன் குயின் ஸ்கொயரில் இருக்கும் தேசிய நரம்பியல் மருத்துவமனையின் உளவியலாளர்கள். மறதி நோயின் தொடக்கத்தில் மற்றத் திறன்கள் தேய்ந்தாலும், சொற்களை வாய்விட்டு வாசிக்கும் திறன் பெரும்பாலும் தாக்குப் பிடிக்கிறது என்று 1970களில் கவனித்தார்கள். அங்கே பணியாற்றிய ஹேசல் நெல்சன், எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத ஆங்கிலச் சொற்களாகப் பார்த்து 50 தேர்ந்தெடுத்தார். கடனுக்கான 'டெட்' என்ற சொல்லின் நடுவே ஒரு 'பி' வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். தெரிந்தவர் சரியாகச் சொல்வார், தெரியாதவர் 'டெப்ட்' என்பார். ஊகித்துத் தப்பிக்க வழியில்லை. என்றோ படித்துப் பழகியிருந்தால்தான் வரும். பொருள் சொல்ல வேண்டியதில்லை, உச்சரித்தால் போதும். பிழைகளை எண்ணி, பழைய நுண்ணறிவு ஈவை ஒரு சூத்திரத்தால் மதிப்பிடுவார்கள். 1982ல் இது 'தேசிய வயது வந்தோர் வாசிப்புச் சோதனை' என்று வெளியானது. பின்னால் வந்த சோதனைகள் பலவும் இதே தடத்தில்தான் போகின்றன. வாசிப்பையே தாக்கும் பக்கவாதத்திலும், சொற்பொருள் அழியும் ஒருவகை மறதி நோயிலும் இது உதவாது. நோய் முற்றினாலும் மதிப்பீடு கீழே இறங்கிவிடும்.

நம்மவர்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் ஒரு தமிழ்ப் பாட்டி அந்த 50 சொற்களில் தடுமாறினால் அது எதைக் காட்டும்? அவர் ஆங்கிலத்தில் வளரவில்லை என்பதைக் காட்டும், அவ்வளவுதான். சரி, தமிழில் இப்படி ஒன்று செய்யலாமே என்றால், நம் எழுத்து இடம் தராது. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் அறியாத சொல்லையும் வாசித்துவிடுவார். 'பாவம்' என்று எழுதிவிட்டு, இரக்கமா நாட்டிய பாவமா என்று கேட்கிற மாதிரிச் சில வடசொற்கள் உண்டு. ஆனால் அந்த உச்சரிப்பு ஊருக்கு ஊர் மாறும். ஸ்பானிய மொழிக்கும் இதே தலைவலிதான். அங்கே 1997ல் அழுத்தக் குறிகளை நீக்கிவிட்டுச் சொற்களை வாசிக்கச் சொன்னார்கள். ஜப்பானியர் சீன எழுத்துச் சொற்களை எடுத்துக் கொண்டார்கள். ஒவ்வொரு மொழியும் தன் முரண்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழி, படிப்பையும் தொழிலையும் வைத்துக் கணக்கிடுவது. இது எனக்கு இன்னும் கவலை தருகிறது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் உயர்வகுப்புக்குக் கணிதம் கற்பித்தவர். 1983க்குப் பிறகு இங்கே வந்து பெட்ரோல் நிலையக் கல்லாவில் இருபது ஆண்டு கழித்தார். படிவத்தில் 'கடைசியாகச் செய்த வேலை' என்ற கட்டத்தில் மகன் 'காசாளர்' என்று எழுதினார். பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துப் பார்த்தால், சில்லறை எண்ணத் திணறும் இன்றைய நிலை அவ்வளவு பெரிய வீழ்ச்சியாகத் தோன்றாது. பள்ளிக்கே அனுப்பப்படாத பெண்களின் கதை இன்னும் மோசம். சீட்டுக் கணக்கு முழுவதையும் மனத்தில் வைத்திருந்தவருக்கு, படிவத்தில் 'படிப்பு: இல்லை'.

ஆகவே அம்மாவையோ அப்பாவையோ மெமரி கிளினிக்குக் கூட்டிப் போகும் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். ஊரில் என்ன படித்தார், என்ன வேலை பார்த்தார், எத்தனை மொழி பேசினார், என்ன வாசித்தார், வீட்டுக் கணக்கை யார் பார்த்தது, எந்த ஆண்டு முதல் அது கைமாறியது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. நீங்களே மொழிபெயர்த்தால், அம்மா தடுமாறும் இடத்தில் உங்களை அறியாமல் விடையை எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள்.