தசையில்லாத அசைவு

தொட்டாற்சிணுங்கியைக் கண்டால் விரலை நீட்டாமல் போகிறவர்கள் குறைவு. தொட்டவுடன் சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கூம்பும். கொஞ்சம் பலமாகத் தட்டினால் இலைக்காம்பே மடிந்து தொங்கும். கால் மணி நேரம்போல விட்டுவிட்டுப் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி விரிந்திருக்கும். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி இன்று நம் ஊர் வரப்போரங்களில் களையாகவே பரவிக் கிடக்கிறது. அதற்குத் தசை கிடையாது, நரம்பு கிடையாது. பிறகு எது இலையை இழுக்கிறது?

எதுவும் இழுக்கவில்லை. தண்ணீர் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால் சின்னப் புடைப்பு ஒன்று தெரியும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் இதேபோன்ற புடைப்பு இன்னும் சிறிதாக இருக்கும். அதற்குள் உள்ள செல்கள் தண்ணீர் நிரம்பி விறைப்பாக இருக்கும்வரை காம்பு நிமிர்ந்து நிற்கும். விரல் பட்டதும் மின்சைகை ஒன்று காம்பு வழியாக ஓடுகிறது. அது புடைப்பை எட்டியதும் அடிப்பக்கச் செல்கள் தம்மிடமுள்ள பொட்டாசியம், குளோரைடு அயனிகளை வெளியே விடுகின்றன. உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். காற்றிறங்கிய சைக்கிள் டியூப்போல அடிப்பக்கம் தளர, விறைப்புக் குறையாத மேல்பக்கம் காம்பைக் கீழே தள்ளிவிடுகிறது. எல்லாம் ஓரிரு வினாடிக்குள் முடிந்துவிடும். நிமிர்வதுதான் மெதுவான வேலை. வெளியேறிய அயனிகளை மறுபடி உள்ளே ஏற்ற வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும்.

இத்தனை செலவு எதற்கு? ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் இதற்கு ஒரு பதில் தந்தார்கள். மரபணுவை மாற்றி, புடைப்பே இல்லாத தொட்டாற்சிணுங்கியை வளர்த்தார்கள். தொட்டாலும் அது சிணுங்கவில்லை. அதையும் சாதாரணச் செடியையும் வெட்டுக்கிளிகளிடம் விட்டபோது, அசைய முடியாத செடியைத்தான் அவை அதிகம் தின்று தீர்த்தன. ஆக, இலை மடிவது வெட்கத்தால் அல்ல, சாப்பிட வருகிறவனை ஏமாற்றுவதற்காக.

ஆனால் மடிந்த இலைக்கு வெயில் கிடைக்காது. வெயில் இல்லாமல் உணவு இல்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் வளரும் செடி, நல்ல வெளிச்சத்தில் இருப்பதைவிடச் சீக்கிரமாக இலையை விரித்துவிடுகிறது என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. பசிக்கிறவன் அதிக நேரம் ஒளிந்திருக்க முடியாது அல்லவா?

இதே புடைப்பு வேறொரு வேலையும் செய்கிறது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தை மாலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், யாரும் தொடாமலேயே அதன் இலைகள் கூம்பிவிடும். சூரியன் மறைவதால் கூம்புகிறது என்று நினைப்பது இயல்பு. 1729-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ஜாக் தெ மைரான் இந்த நினைப்பைச் சோதித்துப் பார்த்தார். தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை முழு இருட்டில் வைத்தார். வெயிலையே காணாத அந்தச் செடி பகலில் இலையை விரித்தது, இரவில் மூடியது. 1832-இல் சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் தெ கந்தோல் இன்னொன்றைக் கவனித்தார்: வெளியுலகத்தோடு தொடர்பறுத்து வைத்தால் செடியின் ஒரு நாள் 24 மணி நேரத்துக்கு ஒட்டாமல் 22, 23 மணி நேரமாக நகர்கிறது. கடிகாரம் செடிக்கு உள்ளேயே இருக்கிறது, தினமும் அதற்கு நேரம் திருத்திக் கொடுப்பது மட்டுமே சூரியனின் வேலை. பழ ஈக்களில் இத்தகைய உள்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. செடியில் தொடங்கிய கேள்வி அது.

எல்லா அசைவும் இப்படி மடங்கி விரிவதல்ல. ஜன்னல் பக்கம் சாயும் செடி உண்மையில் வளைந்து வளர்கிறது: ஆக்சின் என்ற ஹார்மோன் நிழல் பக்கத்தில் சேர்ந்து அங்குள்ள செல்களை நீளச் செய்கிறது. இளம் சூரியகாந்தி பகல் முழுக்கச் சூரியனோடு திரும்பி, விடிவதற்குள் கிழக்கே வந்து காத்திருப்பதும் இப்படித் தண்டின் இரு பக்கமும் மாறி மாறி வளர்வதால்தான். முற்றிய பூ திரும்புவதில்லை. கிழக்கைப் பார்த்தபடியே நின்றுவிடும்.

செடிக்குள் ஓடும் மின்சைகையைப் பற்றிப் பேசும்போது ஜகதீஷ் சந்திர போஸைத் தாண்டிப் போக முடியாது. தொட்டாற்சிணுங்கி மட்டுமல்ல, சாதாரணச் செடிகளும் தூண்டினால் மின்சாரத்தால் பதில் சொல்கின்றன என்று 1901-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் காட்டினார். அங்கே எழுந்து மறுத்தவர்களில் ஒருவர் பர்டன் சாண்டர்சன். வேடிக்கை என்னவென்றால், பூச்சி தின்னும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடியில் மின்துடிப்பை 1873-இலேயே அளந்தவர் அவர்தான்! சாதாரணச் செடிகளிலும் அப்படி நடக்கும் என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. தக்காளி போன்ற செடிகளிலும் மின்சைகை ஓடுகிறது என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி.

போஸின் பெயரைச் சொல்லி, செடி அழுகிறது, வலியில் துடிக்கிறது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அளவு மீறிய பேச்சு. சைகை உண்டு, பதில் உண்டு. வலியை உணரும் மூளை இருப்பதற்குச் சான்று இல்லை. அயனியும் தண்ணீரும் கடிகாரமும் சேர்ந்து செய்யும் இந்தக் கணக்கே போதிய அதிசயம், மேலே கற்பனை பூச வேண்டியதில்லை.

தெ மைரான் செய்த சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். தொட்டியில் ஒரு தொட்டாற்சிணுங்கியும், வெளிச்சம் புகாத அலமாரியும் இருந்தால் போதும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளிடம் கொடுத்து, இரண்டு நாளைக்குக் காலையும் இரவும் இலை எப்படி இருக்கிறது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள்.