கேக் மேல் பூ போடும் கை: கிரீம் விற்கும் வணிகர்கள் அறிய வேண்டியவை



மைதா, சர்க்கரை, வனஸ்பதி, ஈஸ்ட் முதலிய சரக்குகளைத் திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்துப் பேக்கரிகளுக்கு மொத்தமாகக் கொடுத்து வருகிறோம். இந்தத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. மூட்டைக் கணக்கு எங்களுக்கு அத்துப்படி. ஆனால் அந்த மூட்டை கேக்காக மாறி, அதன் மேல் கிரீமில் ரோஜாப் பூ மலரும் இடத்தை நாங்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அது மாஸ்டர் வேலை, நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டோம்.

இன்று நிலைமை வேறு. பிறந்த நாள் கேக் பேக்கரியில் மட்டும் தயாராவதில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் வேலை பார்க்கும் பெண்களும், வீட்டில் இருக்கும் பெண்களும் ஆர்டர் எடுத்துச் செய்கிறார்கள். நம் ஊரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விசேஷம். ஆகவே சனிக்கிழமை மாலை மளிகைக் கடையில் நாசில் இருக்கிறதா, பைப்பிங் பேக் இருக்கிறதா, விப்பிங் கிரீம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நாங்களும் ஒரு ஃப்ரீசர் வாங்கி வைத்து விற்க ஆரம்பித்தோம்.

நாங்கள் செய்த தவறு

ஒரு மே மாதம். வெள்ளிக்கிழமை இரவு வெகுநேரம் மின்சாரம் இல்லை. ஃப்ரீசரில் இருந்த கிரீம் இளகி, காலையில் மின்சாரம் வந்ததும் மறுபடி உறைந்துவிட்டது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கடைப் பையன் எடுத்து விற்றுவிட்டான்.

திங்கட்கிழமை ஒரு பெண் வந்தார். பகலில் கம்பெனி வேலை, இரவில் கேக் ஆர்டர் என்று உழைப்பவர். கிரீம் நிற்கவே இல்லை, போட்ட பூவெல்லாம் வழிந்துவிட்டது, ஆர்டர் கொடுத்தவர் கேக்கைத் திருப்பிவிட்டார் என்றார். நாங்கள் சற்றும் யோசிக்காமல், “நீங்க அடிச்ச பக்குவம் சரியில்லைம்மா” என்று சொல்லிவிட்டோம். அவர் சண்டை போடவில்லை. “நானும் என் கைதான் தப்புன்னு மறுக்கா மறுக்கா அடிச்சுப் பார்த்தேனுங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை எங்களிடம் சரக்கு எடுக்கும் பேக்கரி மாஸ்டர் ஒருவர் மீதி பாக்கெட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இது இளகி உறைஞ்ச சரக்குங்க, யார் அடிச்சாலும் நிக்காது” என்றார். மறுநாள் அந்தப் பெண்ணைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லி, கிரீம் பணத்தோடு கேக் செலவையும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். ஆனால் அதன்பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை.

தெரியாத தொழிலைத் தொட்டவனும் கெட்டான், தெரிந்த தொழிலை விட்டவனும் கெட்டான் என்பது பழமொழி. அதே மாஸ்டரிடம் ஞாயிறுதோறும் போய் அறுபது வயதுக்கு மேல் கோன் பிடிக்கக் கற்றுக்கொண்டோம். அங்கே அறிந்ததை நம் வணிகர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

கிரீம் ஏன் நிற்கிறது, ஏன் வழிகிறது

கிரீமை அடிக்கும்போது அதற்குள் காற்று ஏறுகிறது. குளிரில் இறுகி இருக்கும் கொழுப்பு, அந்தக் காற்றுக் குமிழிகளைச் சுற்றி நின்று தாங்குகிறது. சூடு பட்டால் கொழுப்பு இளகும், காற்று வெளியேறும், பூ சரியும். சித்திரை, வைகாசியில் 35 டிகிரிக்கு மேல் போகும் நம் ஊரில் இது முக்கியமான விஷயம்.

கடைகளில் மூன்று வகை கிரீம் புழங்குகிறது. முதலாவது, வனஸ்பதி அல்லது வெண்ணெயுடன் பொடித்த சர்க்கரை சேர்த்து அடிக்கும் பட்டர் கிரீம். வனஸ்பதியில் செய்தது வெயிலை ஓரளவு தாங்கும், நாக்கில் சற்று ஒட்டும். இரண்டாவது, பால் கிரீம். அடித்து நிற்க வேண்டுமானால் குறைந்தது 30 சதவீதக் கொழுப்பு வேண்டும். சமையலுக்கு விற்கும் 25 சதவீத ஃப்ரெஷ் கிரீமைக் கேக்குக்குக் கொடுத்தால், எவ்வளவு அடித்தாலும் கெட்டியாக நிற்காது. வாடிக்கையாளர் எதற்குக் கேட்கிறார் என்று விசாரித்துக் கொடுப்பது நம் கடமை. மூன்றாவது, தாவரக் கொழுப்பில் செய்த விப் டாப்பிங். அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் ரிச் என்பவர் 1945-ல் சோயாவிலிருந்து இதை முதலில் தயாரித்தார். இன்று நம் பேக்கரிகளில் பெரும்பாலும் ஓடுவது இந்த வகைதான்.

உறைந்த டாப்பிங்கை மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். உபயோகிப்பதற்கு முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி மெதுவாக இளக விட வேண்டும். இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. வெந்நீரில் போட்டு அவசரமாக இளக்குவதும் கூடாது.

மின்சாரம் போய் வந்ததைக் கண்டுபிடிக்க மாஸ்டர் சொன்ன எளிய வழி இது. ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். காலையில் நாணயம் பனிக்கட்டிக்குள் இறங்கி இருந்தால், இரவில் சரக்கும் இளகி இருக்கிறது என்று பொருள். அதை விற்காதீர்கள்.

கையின் பழக்கம்

கோன் என்றதும் இது வெளிநாட்டு வித்தை என்று மலைக்க வேண்டாம். நம் மிட்டாய்க் கடை மாஸ்டர் ஜாங்கிரி பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். கெட்டித் துணியில் சிறு துளை போட்டு, பனியனுக்குக் காஜா எடுப்பதுபோல் துளையைச் சுற்றித் தைத்து, உளுந்து மாவை வைத்துச் சுருட்டிப் பிழிகிறார். கிரீம் கோனும் அதே வேலைதான். துளைக்குப் பதில் தகர நாசில், அவ்வளவே வித்தியாசம்.

கிரீமைப் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. அடித்தால் மூன்று மடங்கு வரை பொங்கும். நடுத்தர வேகத்தில் அடித்து, கரண்டியைத் தூக்கினால் முனை மடங்காமல் நிற்கும் பதத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அடித்தால் திரிந்ததுபோல் சொரசொரப்பாகிவிடும். அப்போது அடிக்காத குளிர்ந்த கிரீம் கொஞ்சம் சேர்த்து, கையால் மெதுவாகக் கலந்தால் ஓரளவு சரியாகும்.

கோனில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் கைச்சூட்டில் மீதி கிரீம் இளகும். மேல் பக்கத்தை முறுக்கி, ஒரு கையால் அழுத்த வேண்டும். மற்றொரு கை வழிகாட்ட மட்டுமே. நட்சத்திரப் பூ போட கோன் நேர்குத்தாக நிற்க வேண்டும். ஓரத்தில் சிப்பி வரிசை போட 45 டிகிரி சாய்க்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, அழுத்திக்கொண்டே கோனைத் தூக்குவது. அதனால் பூவின் தலையில் வால் நீளும். முதலில் அழுத்தத்தை நிறுத்த வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும். இந்த ஒன்று கைவர எங்களுக்கு மூன்று ஞாயிறு பிடித்தது.

பழகுவதற்கு விலை உயர்ந்த கிரீம் தேவையில்லை. வனஸ்பதியும் பொடித்த சர்க்கரையும் அடித்து, கவிழ்த்த தட்டின் மேல் போட்டுப் பாருங்கள். வழித்தெடுத்து மறுபடி போடலாம். நட்சத்திரம், வட்டம், இலை, இதழ் ஆகிய நான்கு நாசில்கள் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். நாற்பது நாசில் பெட்டியை முதல் நாளே புதியவர் தலையில் கட்டாதீர்கள். நான்கு வாங்கிப் பழகியவர் மற்றவற்றுக்கு நம்மிடமே வருவார்.

பார்த்துப் பழகியே இந்தத் தொழில் நம் பக்கம் வளர்ந்தது. 1883-ல் தலச்சேரியில் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்த மம்பள்ளி பாபு, ஆங்கிலேயத் தோட்ட முதலாளி ஒருவர் கொண்டுவந்த கேக்கை ருசி பார்த்தே, அதேபோல் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார் என்பார்கள். இப்போது கற்க வசதி அதிகம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பேக்கரிப் பயிற்சி உண்டு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களிலும் விசாரிக்கலாம்.

நிறமும் வரியும்

சாயப் பட்டறை ஊரில் இருக்கிறோம், ஆகவே ஓர் எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் கலந்திருந்ததே காரணம். கேக்கில் ரோஜா நிறம் கேட்டு வருபவருக்குப் பொட்டலத்தில் கட்டிய சில்லறைச் சாயத்தைக் கொடுக்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட, சீல் உள்ள டப்பா மட்டும் கொடுங்கள். கொழுப்பிலும் கவனம் வேண்டும். 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

2024 செப்டம்பரில் கோவையில் மத்திய நிதியமைச்சர் முன்னிலையில் அன்னபூர்ணா ஓட்டல் அதிபர் சீனிவாசன், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே வைக்கும் கிரீமுக்கு 18 சதவீதம் என்று சொன்னதை நாம் மறக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி மீதான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விகிதத்தில் பில் போடும் கடை இருந்தால் உடனே மாற்றிக்கொள்ளவும்.

எங்கள் கடையில் இப்போது ஃப்ரீசருக்குத் தனி ஜெனரேட்டர் இணைப்பு உண்டு. டம்ளரும் நாணயமும் உள்ளே இருக்கின்றன. யாராவது கிரீம் நிற்கவில்லை என்று வந்தால், முதலில் அந்தப் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறோம், பிறகுதான் பேசுகிறோம். நம் சரக்கை நம்பி ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார் என்பதை வணிகப் பெருமக்கள் மனதில் கொள்ள வேண்டுகிறோம்.