மட்டம் பார்க்கக் கண் போதாது!

"சிவில் படிக்கிறவன் விளையாட்டைப் பற்றி என்ன எழுதிவிடப் போகிறான்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எட்டடிச் சொச்சம் அகலத்தில் ஒரு கான்கிரீட் வட்டம் போட்ட கதை இது.

என் தங்கை வட்டெறிபவள். ஒரு போட்டியில், எறியும் வட்டத்தின் ஒரு பக்கம் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. சாக்கால் துடைத்துவிட்டு எறியச் சொன்னார்கள். ஒன்றரைச் சுற்று சுற்றுவதற்குள் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பிசகி இரண்டு மாதம் கட்டு! "அண்ணா, நீதான் கட்டடம் படிக்கிறியே, நம்மூர்ல நல்லதா ஒரு வட்டம் போட்டுக் குடு" என்றாள். மறுக்க முடியுமா?

எங்கள் நாட்றாம்பாளையம், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைச்சாலையில் இருக்கிறது. இங்கே சமதரை என்று சொல்வதெல்லாம் சரிவுதான். மேஸ்திரியோ, "இருவது வருசமா கொத்து வேலை பாக்கறேன் தம்பி, கண்ணாலயே மட்டம் சொல்லிருவேன்" என்றார். டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி இரு கரையிலும் பிடித்தோம். அந்தச் சின்ன இடத்திலேயே ஐந்து அங்குல இறக்கம்! சுற்றிலும் மலை சரிந்திருந்தால் கண்ணுக்கு ஒப்பிட நேர்க்கோடு ஏது?

சரிவில் பலரும் செய்யும் தவறு, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி அதன்மேல் கான்கிரீட் போடுவது. கொட்டிய மண் நாளடைவில் அமுங்கும், தளம் சாயும். ஆகவே வட்டம் முழுவதையும் கெட்டி மண் வரை வெட்டினோம். மேட்டுப் பக்கம் மழைநீர் திரும்ப ஒரு வாய்க்கால். அடியில் நான்கு அங்குலம் ஜல்லி.

விதிப்படி உள்விட்டம் 2.50 மீட்டர். 6 மில்லி மீட்டர் தடிப்புள்ள இரும்புப் பட்டையை வெல்டிங் பட்டறையில் வளைத்தோம். உட்சுற்றளவு 7.85 மீட்டர். வளைத்தது முட்டை வடிவமாகிவிடும். நான்கைந்து திசையில் விட்டத்தை அளந்து பாருங்கள். பிறகு எட்டு இடத்தில் டியூப் பிடித்து வளையத்தை மட்டமாக்கினோம்.

உள்தரை வளையத்தைவிட 2 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். பலகையின் இரு முனையிலும் 2 செ.மீ. காடி வெட்டி, வளையத்தின் மேல் வைத்துச் சுழற்றினால் தரை தானே அமைந்துவிடும். ஆறு அங்குல கான்கிரீட், 1:1½:3 கலவை, ஆறு மூட்டை சிமெண்ட்.

ஒரு சிக்கல்! தாழ்ந்த, மட்டமான தரை என்றால் தாம்பாளம் மாதிரி மழைநீர் நிற்குமே? வளையத்தை ஒட்டி மூன்று சிறு குழாய்களைத் தரைமட்டத்தில் பதித்து ஜல்லி வரை இறக்கினோம். அங்கிருந்து தண்ணீர் பள்ளத்துப் பக்கம் போய்விடும்.

கடைசியில் மேஸ்திரி, "பால் தேச்சு கண்ணாடி மாதிரி ஆக்கித் தரட்டுமா?" என்றார். "அண்ணே, கண்ணாடியிலதான் தங்கச்சி விழுந்தா!" என்றேன். சிரித்துவிட்டு மரப்பலகையால் மட்டும் தேய்த்தார். கால் சுழலவும் வேண்டும், வழுக்கவும் கூடாது. பதினான்கு நாள் ஈரச் சாக்கு போட்டோம்.

1975-இல் எட் ஹெட்ரிக் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் அமைத்த டிஸ்க் கோல்ஃப் மைதானத்திலிருந்து அந்த விளையாட்டு உலகெங்கும் பரவியது. அதில் தட்டை எறிய ஓடிவரும் மேடை வட்டமல்ல, நீள்சதுரம். ஐந்தடிக்குப் பன்னிரண்டடி நல்ல அளவு. ஆனால் மலைச்சரிவில் போட்டால் பாடம் ஒன்றே: கெட்டி மண், சரியான மட்டம், தண்ணீருக்கு வழி, காலுக்குப் பிடிப்பு.

மைசூரில் பிறந்த விகாஸ் கவுடா 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 63.64 மீட்டர் எறிந்து தங்கம் வென்றாரே, அவர் சுழன்றதும் இதே 2.50 மீட்டருக்குள்தான்!

பாதுகாப்பு வலைக்குப் பணம் இன்னும் சேரவில்லை. அதுவரை எறியும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடுவதில்லை. முதல் மழைக்குப் பின் தங்கை வட்டத்துக்குள் இறங்கி, காலால் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டாள். என் டிப்ளமோவுக்கு அதுதான் முதல் மார்க்!

— இறுதியாண்டு, சிவில்