லைன்: ஒரு சொல்லில் குடியிருப்பவர்கள்

ஆங்கில அகராதியில் ‘லைன்’ என்ற சொல்லுக்கு அர்த்தங்கள் பத்தி பத்தியாக நீள்கின்றன. வேர் என்னவோ எளியதுதான்: லத்தீனில் ஆளிச்செடி நாரில் திரித்த நூல். தச்சர் நூல் பிடித்துக் கோடு போடுவதைப் பார்த்த நமக்கு இது விளங்கும். (நாமும் நூலிலிருந்து புத்தகத்துக்குப் போனவர்கள்தானே.) ஆனால் அகராதிப் பட்டியல் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. அர்த்தங்கள் எல்லாம் சொல்லின் வயிற்றுக்குள் முன்பே கிடப்பதாகவும், பேசுகிறவர் வேண்டியதை எடுத்துக்கொள்வதாகவும் தோன்றிவிடுகிறது.

எங்க ஊர் ஆத்தூரில் பக்கத்து வீட்டு மதினி ‘லைன் வந்துட்டா?’ என்று கேட்டால் அது கரண்டு. ‘அவன் லைன் போடுதான்’ என்றால் பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்கே தெரியாத காதல். ‘லைன் ஆள் வந்தாச்சு’ என்றால் தினவட்டி வசூல். வீட்டுக்குள் பேச்சு சட்டென அடங்கிவிடும். யாரும் குழம்புவதில்லை. சொல்லின் மதிப்பு பக்கத்துச் சொற்களோடு அதற்குள்ள வித்தியாசத்தில் பிறக்கிறது என்றார் சசூர். பக்கத்தில் புன்னக்காயல் கடலுக்குப் போனால் இது தெரியும். 1974, 1976 ஒப்பந்தங்கள் இலங்கைக்கும் நமக்கும் நடுவே தண்ணீரில் கிழித்தது அசல் கோடு. ஆனால் மீனவர் வாயில் அது ‘பார்டர்’. லைன் அங்கே வேலை செய்யாது.

சசூரிடம் நான் கேட்க விரும்புவது வேறு. அந்த வித்தியாசத்தை நிர்ணயிக்கிற அதிகாரம் யாருடையது?

1914இல் பாம்பன் பாலம் வரும் முன்பு சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் கொழும்புக்குக் கப்பல் ஏறியது எங்கள் தூத்துக்குடியில். இலங்கைத் தோட்டத்தில் தொழிலாளருக்குத் துரை கட்டிக்கொடுத்தது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அவர் கணக்கில் அது ‘லைன்’: மேலிருந்து பார்த்தால் தெரிகிற கோடு. உள்ளே இருந்தவர் வாயில் அது ‘லயம்’ ஆயிற்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். லயம் என்றால் நமக்கு இசையும் ஒடுக்கமும். லாயம் என்றால் குதிரை கட்டுமிடம். ஓசை ஒற்றுமையை வைத்து வேர் தேடவில்லை, காதில் விழுவதைச் சொல்கிறேன். துரை சொன்னது கட்டடத்தின் வடிவத்தை. இவர்கள் சொன்னது பிறந்த இடத்தை, சண்டையை, சாவை. குறிப்பான் ஒன்றுதான், குறிப்பீடு கூரைக்கு மேலும் கீழுமாகப் பிளந்து கிடக்கிறது.

மொழிபெயர்ப்புகளில் ‘லைன்’ வந்தால் ‘வரிசை வீடு’ என்று தூய தமிழாக்கிவிடுகிறோம். எனக்கு இது உடன்பாடில்லை. தமிழாக்கியவுடன் துரை மறைந்துபோகிறார்.

1948 குடியுரிமைச் சட்டம் லயத்தில் இருந்த பல லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. லைன் கட்டி நிறுத்தி எண்ணுவது என்பதற்கு இதைவிட என்ன அர்த்தம் வேண்டும்? திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது; இன்றைய டான்டீ. அங்கேயும் கிடைத்தது லைன் வீடுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.