கப்பல்கள் ஓய்ந்த நாட்கள்

2001 செப்டம்பர் 11. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் சரிந்ததும் அமெரிக்க வானில் விமானங்கள் நின்றன. கடலிலும் ஓர் அமைதி பரவியதைக் கவனித்தவர்கள் சிலரே. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து திடீரெனக் குறைந்தது.

'ரைட்' இனத் திமிங்கிலங்கள் கோடையில் இரை தேடி வரும் இடம் அது. இருண்ட நீரில் அவற்றுக்குக் காதுதான் கண். தாழ்ந்த குரலில் ஒன்றையொன்று அழைத்துக்கொள்கின்றன. பெரிய கப்பல்களின் இரைச்சலும் அதே தாழ்ந்த சுருதியில்தான். விளைவு, அழைப்பு அமுங்கிவிடுகிறது.

பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியத்தின் விஞ்ஞானி ரோசலிண்ட் ரோலண்டும் குழுவினரும் அப்போது திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்து வந்தனர். பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோனின் சுவடு அதில் இருக்கும். வேறோர் ஆய்வுக்காக நீரடி ஒலியும் பதிவாகியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு 2012-ல் முடிவை வெளியிட்டனர்: கப்பல்கள் குறைந்த நாட்களில் இரைச்சல் 6 டெசிபல் தணிந்தது, ஹார்மோனும் குறைந்தது. அடுத்த ஆண்டுகளில் அதே பருவத்தில் அப்படிக் குறையவில்லை.

சில நாட்களின் சான்றுதான். ஆனால் யாரும் திட்டமிட்டு நடத்த முடியாத சோதனை. இந்த இனத்தில் இன்று எஞ்சியவை 400-க்கும் குறைவு. கப்பல் மோதியும் மீன்பிடிக் கயிறுகளில் சிக்கியும் சாகும் இவற்றுக்கு ஓயாத பதற்றம் கூடுதல் சுமை.

ஓர் ஆறுதல் உண்டு. கடலில் கொட்டிய எண்ணெய் வருடக்கணக்கில் தங்கும். இரைச்சலோ எஞ்சின் தணிந்ததும் மறையும். கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் துறைமுகம் 2017 முதல், ஓர்கா திமிங்கிலங்களுக்காக மெதுவாகச் செல்லுமாறு கப்பல்களைக் கேட்டு வருகிறது. பெரும்பாலானவை இணங்குகின்றன. பயணம் சற்றுத் தாமதமாகிறது, அவ்வளவுதான்.