'மேக் பாஸ்ட்' என்றால் வேகமாகவா?

கப்பல் ஒன்று துறைமுகத்தில் கரை சேருகிறது. "மேக் பாஸ்ட்!" என்று ஆங்கிலத்தில் கட்டளை பிறக்கிறது.

'மேக்' என்றால் செய். 'பாஸ்ட்' என்றால் வேகம். ஆகவே, "வேகமாகச் செய்" என்று அர்த்தமா? அல்லவே அல்ல! "கயிற்றை இறுக்கிக் கட்டு" என்பதே பொருள்.

"லெட் கோ" இன்னும் வேடிக்கையானது. கயிற்றுக்குச் சொன்னால், "அவிழ்த்து விடு." நங்கூரத்துக்குச் சொன்னால், "கடலில் இறக்கு!" "ஸ்டாண்ட் பை" என்றால் "பக்கத்தில் நில்" அல்ல, "தயாராக இரு."

தூத்துக்குடி வாலிபர்கள் பலருக்குக் கப்பல் வேலையில் ஆசை உண்டு. அவர்களுக்கு இது வெறும் இலக்கணப் பாடம் அல்ல. விறைத்து நிற்கும் கயிறு அறுந்து அடித்தால் உயிரே போய்விடும்.

உலகம் செய்த ஏற்பாடு

ஒரே கப்பலில் பல தேசத்தார் வேலை செய்கிறார்கள். ஆளுக்கொரு விதமாக ஆங்கிலம் பேசினால் என்ன ஆகும்? அதற்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு, 2001-ம் ஆண்டில், கப்பல்களுக்கென்று திட்டமான ஆங்கிலச் சொற்றொடர்களை ஏற்றுக்கொண்டது. சுக்கான் பிடிப்பவர், தமக்கு இடப்பட்ட கட்டளையை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பதும் அதில் ஒரு விதி.

தமிழில் இல்லையா?

'ஸ்டாண்ட் பை' போன்ற சொற்களை 'பிரேசல் வெர்ப்' என்கிறார்கள். பலர் இதைக் கண்டு மிரளுகிறார்கள். ஏன் மிரளவேண்டும்? நாம் 'கண்டுபிடி' என்கிறோம். கையால் எதையாவது பிடிக்கிறோமா? 'விட்டுக்கொடு' என்கிறோம். யாருக்கு எதைக் கொடுக்கிறோம்? இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவது பொருள் பிறப்பது நமக்குப் பழக்கமான சங்கதிதான்!

இடம் மாறினால் பொருள் மாறும்

"இழுவைக் கப்பல் பெரிய கப்பலை இழுக்கிறது." இதையே, "பெரிய கப்பலை இழுவைக் கப்பல் இழுக்கிறது" என்றாலும் பொருள் மாறாது. 'ஐ' என்ற வேற்றுமை உருபு காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் காவல் இல்லை. "தி டக் புல்ஸ் தி ஷிப்" என்பதில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றுங்கள். பெரிய கப்பல் இழுவைக் கப்பலை இழுக்கத் தொடங்கிவிடும்!

இன்னொன்று: "புட் ஆன் தி லைப் ஜாக்கெட்" என்றால், மிதவைச் சட்டையை அணிந்துகொள். "புட் தி லைப் ஜாக்கெட் ஆன்" என்றாலும் சரியே. ஆனால் பொருளின் பெயருக்குப் பதிலாக 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும். "புட் இட் ஆன்" சரி; "புட் ஆன் இட்" தவறு.

பழகுவது எப்படி?

சொல்லுக்குச் சொல் அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு கயிற்றை எடுத்துக் கட்டுங்கள்; "மேக் பாஸ்ட்" என்று உரக்கச் சொல்லுங்கள். அவிழ்த்துவிட்டு, "லெட் கோ" என்று சொல்லுங்கள். தினம் ஒரு சொற்றொடர் போதும். முதலில் பொருளின் பெயரை வைத்தும், பிறகு 'இட்' வைத்தும் சொல்லிப் பாருங்கள். நண்பர் கட்டளையிட, நீங்கள் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வது இன்னும் நல்லது.

1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, ஜேம்ஸ் ஆலனின் 'ஆஸ் எ மேன் திங்கெத்' என்ற நூலைத் தமிழில் தந்தார். "ஒரு மனிதன் நினைப்பதுபோல" என்று சொல்லுக்குச் சொல் பெயர் வைக்கவில்லை. 'மனம்போல வாழ்வு' என்று வைத்தார். அந்நிய மொழியில் சொல்லை விட்டுப் பொருளைப் பிடிக்கவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டுமா?